நலத்திட்டப் பட்டியல்களை ஒப்பிடும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ரேஷன் அட்டைகள் ஒரு டேபிளில், ஆதார் இணைப்பு இன்னொரு டேபிளில். முதலாவதில் இருந்தும் இரண்டாவதில் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று மேலிடத்தில் கேட்பார்கள். தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே கேள்வியில், அதாவது ஒரு வினவலில், முடிகிற வேலைதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒரு வீட்டுக்கு அரிசி நிற்கிறது.

ஜார்க்கண்டில் 2016-க்கும் 2018-க்கும் இடையே ஏராளமான ரேஷன் அட்டைகள் போலி என்று ரத்தாயின. பின்னர் பொருளாதார ஆய்வாளர்கள் பத்து மாவட்டங்களில் விசாரித்தபோது, ரத்தானவற்றில் மிகப் பெரும்பாலானவை உண்மையான குடும்பங்களின் அட்டைகள் என்று தெரிந்தது.

தயவுசெய்து, ஒன்றில் இருந்தும் மற்றதில் இல்லாதவர்களை எண்ணும் இந்த வேலைக்கு எஸ்கியூஎல் வினவல் மொழியின் 'நாட் இன்' (இந்தப் பட்டியலில் இல்லாதவை) எழுதாதீர்கள். அந்தப் பட்டியலைத் தரும் உள்வினவலில் ஒரே ஒரு 'நல்' (மதிப்பே இல்லாத காலியிடம்) இருந்தாலும் விடை பூஜ்ஜியம்தான். பிழைச் செய்தியும் வராது. எல்லாம் பொருந்திவிட்டதாக அறிக்கை போய்விடும். அதற்குப் பதில், ஒவ்வொரு வரிசைக்கும் மறுபக்கம் இணை இல்லையா என்று பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடுங்கள். லெஃப்ட் ஜாயின்தான் (முதல் டேபிளின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு இரண்டாவதை இணைப்பது) பழக்கம் என்றால், இல்லாதவர்களைப் பிரிக்கும் 'இஸ் நல்' தவிர, இரண்டாவது டேபிளுக்கான நிபந்தனையை இணைப்பு விதி எழுதும் 'ஆன்' பகுதியிலேயே வையுங்கள். அது இணைத்த பிறகு வடிகட்டும் 'வேர்' பகுதிக்குப் போனால் நாம் தேடும் வரிசைகளே காணாமல் போகும். எதிர்த்திசையிலும், அதாவது இரண்டாவதில் இருந்தும் முதலாவதில் இல்லாதவர்களையும், ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

பெயரை வைத்துப் பொருத்துவது இதைவிட ஆபத்து. தமிழில் 'கோமதி' என்பதன் முதல் எழுத்தை, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் வழக்கமான ஒப்பீட்டில் இவை இரண்டு வெவ்வேறு பெண்கள்! அதில் பதிப்பு 13 முதல், இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. ஒப்பிடும் முன் இரு பக்கமும் அதை ஓட்டுங்கள். இனிஷியல் முன்னால் ஒரு டேபிளிலும் பின்னால் இன்னொன்றிலும் இருக்கும். எக்செல் வழியாக வந்த வங்கிக் கணக்கு எண்ணில் முன்னிருந்த பூஜ்ஜியங்கள் உதிர்ந்திருக்கும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களே பூஜ்ஜியமாகிவிடும்.

ஆகவே ஒற்றை எண்ணை மட்டும் மேலே அனுப்பாதீர்கள். சாவிப் புலம் (பொருத்தப் பயன்படும் எண் உள்ள இடம்) காலியாக இருப்பவை எத்தனை, எழுத்து வேறுபாட்டால் தவறியவை எத்தனை, உண்மையிலேயே மறுபக்கம் இல்லாதவை எத்தனை என்று பிரித்துக் கொடுங்கள். கடைசி வகையிலிருந்து சிலரைக் குலுக்கி எடுத்து, வீட்டுக்கே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். அந்தப் பதில் வரும்வரை நீக்கும் கட்டளையை ஓட்ட மறுத்துவிடுங்கள். மறுத்ததை எழுத்தில் பதிந்தும் வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஒருவர்