ட்விஸ்ட் தெரிந்த பிறகும் அழவைக்கிற படம் வேண்டும்: தமிழ் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய பட்ஜெட் படங்களை எடுக்கும் தமிழ் இயக்குநர்களுக்கும், அவர்களோடு டிஸ்கஷனில் உட்காரும் கதாசிரியர்கள், உதவி இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

டீசர் வந்த நிமிடமே பார்க்கிறவள் நான். முன்பதிவு திறந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். கமர்ஷியல் படம் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை. மனசைத் தொடுவது சின்னப் படங்களின் வேலை, பெரிய படத்தில் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்பவர்களோடு பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் படங்கள் இப்போதெல்லாம் நிறைய யோசித்து எடுக்கப்படுகின்றன. கதை முன்னும் பின்னும் தாவுகிறது, இடைவேளையில் ஒரு முடிச்சு விழுகிறது, கிளைமாக்ஸில் அது எதிர்பாராத விதத்தில் அவிழ்கிறது. முந்தைய படத்தின் பாத்திரம் திடீரென்று இந்தப் படத்துக்குள் வந்து நிற்கிறது. தியேட்டரே எழுந்து கத்துகிறது, நானும்தான். ஆனால் பார்க்கிங்கில் வண்டியை எடுப்பதற்குள் எல்லாம் கரைந்துவிடுகிறது. இரவு படுக்கும்போது நினைத்துப் பார்க்க ஒரு முகம்கூட மிஞ்சுவதில்லை.

உருக்கமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் தனியாக ஒட்டவைத்ததாக இருக்கிறது. இடைவேளைக்கு அப்புறம் ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். அதில் சிரித்த முகத்தோடு ஒரு மனைவி, மடியில் ஒரு குழந்தை, மெலடியில் பாதிப் பாட்டு. அவர்கள் சாகத்தான் போகிறார்கள் என்று பாட்டின் முதல் வரியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். கதையின் மூளை ஒரு பக்கம் ஓடுகிறது, செண்டிமென்ட் இன்னொரு பக்கம் நிற்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

மூளைக்கு வேலை கொடுக்கிற படம் கண்ணீரும் வரவழைக்க முடியுமா என்றால், முடியும். அந்தக் கண்ணீர் முடிச்சுக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

2025 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'இன்டர்ஸ்டெல்லார்' நம் ஊர் ஐமேக்ஸ் திரைகளுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். முந்தின டிசம்பரில் வந்திருக்க வேண்டியது, அந்தத் திரைகளில் 'புஷ்பா 2' ஓடிக்கொண்டிருந்ததால் தள்ளிப்போனது. 2014இல் வெளியான படம் அது. கதையில் வரும் புத்தக அலமாரிக்குப் பின்னால் இருப்பது யார் என்ற மர்மத்தின் விடை கூட்டத்தில் பாதிப் பேருக்காவது முன்பே தெரிந்திருக்கும். அப்படியும் டிக்கெட் கிடைக்கவில்லை. மர்மம் காலாவதியான படத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

வீட்டிலிருந்து வரும் வீடியோ செய்திகளை நாயகன் பார்க்கும் அந்தச் செய்திக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பூமியில் விட்டுவிட்டு விண்வெளிக்குப் போன கூப்பர், கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கோளில் இறங்குகிறான். அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் 7 ஆண்டுகள் ஓடிவிடும். மலை போன்ற அலை வந்து அடிக்கிறது, புறப்படத் தாமதமாகிறது. திரும்பிக் கப்பலுக்கு வந்தால், அங்கே காத்திருந்த நண்பனுக்குத் தாடி நரைத்திருக்கிறது. 23 ஆண்டு, 4 மாதம், 8 நாள் ஆகிவிட்டது என்கிறான். கூப்பர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். பள்ளிப் பையனாக விட்டுவந்த மகன் பேசுகிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், குழந்தை பிறந்ததைச் சொல்கிறான், அப்புறம் அந்தக் குழந்தை இல்லாமல் போனதையும் சொல்கிறான். கடைசியில் மகள் வருகிறாள். விட்டுப் போனபோது அப்பாவுக்கு என்ன வயதோ, அன்றைக்கு அவளுக்கும் அதே வயது. இத்தனையும் நடந்தது அவனுடைய கடிகாரத்தில் சில மணி நேரத்தில்.

சார்பியல் கோட்பாட்டைப் பாடமாக நடத்தினால் தூக்கம் வரும். இங்கே அதே கோட்பாடு ஒரு தகப்பனின் தலையில் இடியாக இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு 7 ஆண்டு என்ற விதியை எடுத்துவிட்டால் அந்த அழுகை இல்லை. அழுகையை எடுத்துவிட்டால் விதி வெறும் கணக்கு.

இந்தப் படத்தை என் அம்மாவோடு வீட்டு டிவியில் பார்த்தேன். அம்மாவுக்குக் கருந்துளையும் தெரியாது, ஐன்ஸ்டைனும் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் பாதிக் கவனம் வெங்காயம் உரிப்பதில் இருந்தது. செய்திக் காட்சி வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம கேசட்டு மாதிரியே இருக்கே. பிள்ளைங்க பேசுது, அந்த மனுஷனால பதில் சொல்ல முடியல பாரு" என்றார். என் அப்பா சவூதியில் பல வருடம் வேலை பார்த்தவர். டேப் ரெக்கார்டரில் பேசி, ஊருக்கு வரும் ஆட்களிடம் கேசட்டைக் கொடுத்து அனுப்புவார். நாங்களும் சுற்றி உட்கார்ந்து பேசி அனுப்புவோம். அவர் லீவில் வரும்போது தம்பிக்கு வாங்கி வந்த சட்டை எப்போதும் ஒரு அளவு சின்னதாக இருக்கும். அவர் மனசில் தம்பி போன தடவை பார்த்த உயரத்திலேயே நின்றிருப்பான். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் ரசிகர்களுக்குப் புரியாது என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

அந்தப் படத்திலும் எனக்குப் பிடிக்காத இடம் உண்டு. அன்பு காலத்தையும் வெளியையும் தாண்டும் என்று விஞ்ஞானி பிராண்ட் பேசும் வசனம். படம் அதுவரை காட்டிக்கொண்டிருந்ததை வாயால் சொல்ல ஆரம்பித்ததும் சத்து இறங்கிவிடுகிறது. புறப்படும் முன் கூப்பர் மகளிடம் கொடுத்துவிட்டுப் போகும் கைக்கடிகாரம் அந்த வசனத்தைவிட அதிகம் பேசுகிறது. அவள் அழுதுகொண்டே தூக்கி எறியும் அதே கடிகாரத்தின் முள்ளில்தான் கடைசியில் உலகத்தைக் காப்பாற்றும் விடையும் வந்து சேர்கிறது. தடயமும் அதுதான், துக்கமும் அதுதான். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் என்ன வேண்டும்?

அந்தப் படத்துக்கு இசையமைக்கக் கேட்டபோது, விண்வெளிப் படம் என்றே சொல்லாமல், ஒரு தகப்பனையும் பிள்ளையையும் பற்றிய ஒரு பக்கத்தை மட்டும் ஹான்ஸ் ஸிம்மரிடம் நோலன் கொடுத்தாராம். ராக்கெட்டும் கருந்துளையும் அப்புறம்தான். இசையமைப்பாளரிடம் நீங்கள் முதலில் எதைக் கேட்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாஸ் பிஜிஎம் கேட்டால் மாஸ் பிஜிஎம்தான் கிடைக்கும்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு வரும், நமக்கு வராது என்று நான் நம்பவில்லை. 2010 அக்டோபரில் 'எந்திரன்' வந்தது. அதற்கு முன் அப்படி ஓர் எதிர்பார்ப்பைத் தமிழ்நாடு பார்த்திருக்குமா என்று தெரியாத அளவுக்கு அமர்க்களம். கிராஃபிக்ஸைப் பற்றி ஊரே பேசியது. எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்பது தீ விபத்துக் காட்சி. எரியும் குடியிருப்பிலிருந்து சிட்டி என்கிற ரோபோ ஒவ்வொருவராகத் தூக்கி வந்து காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து, கேமராக்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிறுத்திவிடுகிறது. சிட்டியின் கணக்குப்படி உயிர் பிழைத்தாயிற்று, வேலை முடிந்தது. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் லாரியில் அடிபட்டுச் சாகிறாள். என்ன தப்பு செய்தோம் என்றே அந்த எந்திரத்துக்குப் புரியவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் எந்திரத்துக்கு உணர்வைக் கற்றுக்கொடுக்கும் வேலை தொடங்குகிறது, அங்கிருந்துதான் மீதிப் படமே வளர்கிறது. கதையைத் திருப்பிய இடமும் நெஞ்சைக் கீறிய இடமும் ஒன்றேதான்.

கடைசியில் நீதிமன்றம் சொன்னபடி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறதே, அங்கேயும் அப்படித்தான். வேகம் 1 டெராஹெர்ட்ஸ், நினைவகம் 1 ஜெட்டாபைட் என்று கம்பீரமாக அறிமுகமான உருவம், எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டே ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒப்பாரி இல்லை. பல வருடம் கழித்து அருங்காட்சியகத்தில், உன்னை ஏன் கழற்றினார்கள் என்று கேட்கும் பள்ளிச் சிறுமிக்கு, சிந்திக்க ஆரம்பித்ததால் என்று அது பதில் சொல்லும்போது, அதுவரை விசிலடித்தவர்கள் கொஞ்சம் அடங்கிப்போனார்கள்.

2015இல் வந்த 'பாபநாசம்' படத்தையும் நினைத்துப் பாருங்கள். மலையாளத்தில் ஜீத்து ஜோசப் எழுதி இயக்கிய 'த்ரிஷ்யம்' கதை. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சாவை மறைக்கும் சுயம்புலிங்கம் போலீஸை ஏமாற்றும் ஒவ்வொரு அடியையும் நாம் ரசிக்கிறோம், மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம். அப்புறம் அந்த ஆற்றங்கரை. காணாமல்போன பையனின் அப்பாவும் அம்மாவும் அதிகாரமெல்லாம் உதிர்ந்து வந்து நிற்கிறார்கள். அவன் திரும்பி வருவானா மாட்டானா என்பது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். சுயம்புலிங்கம் நேரடியாக ஒன்றும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உடைகிறான். இத்தனை நேரம் அவன் ஜெயிக்க வேண்டும் என்று கைதட்டிய நமக்கு, அந்த ஜெயிப்பு இன்னொரு தாய்க்கு என்னவாக வந்து முடிந்தது என்பது அங்கேதான் உறைக்கிறது. அடக்கம் செய்த இடம் எது என்ற கடைசி ட்விஸ்ட் அதற்கு மேல்தான் வருகிறது. ஆற்றங்கரையை வெட்டிவிட்டு ட்விஸ்டை மட்டும் வைத்திருந்தால் அது நல்ல விடுகதை, அவ்வளவுதான்.

2022இல் வந்த 'விக்ரம்' படத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, ஒரு சந்தோஷமும் உண்டு. துப்பறிய வரும் அமரின் மனைவி காயத்ரி கொல்லப்படுகிறாள். கொடூரமான சாவு. ஆனால் அமரின் கோபத்துக்கு எரிபொருள் ஊற்றுவதைத் தவிர அந்தப் பெண்ணுக்குப் படத்தில் வேறு வேலை இல்லை. அதே படத்தில் வீட்டு வேலைக்காரியாக அமைதியாக நடமாடிய அம்மா, ஆபத்து வந்ததும் ஏஜென்ட் டீனாவாக நிமிர்ந்து நிற்கிறார். அதுவரை அவரை நாம் சரியாகப் பார்க்கவே இல்லை என்பதுதான் அந்தத் திருப்பத்தின் சூட்சுமம். தன் உயிரை எதற்குக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். தியேட்டர் அவருக்காகப் போட்ட சத்தம் பெரிய ஹீரோவுக்குப் போடும் சத்தத்துக்குக் குறைவில்லை, அதில் தொண்டை அடைத்த குரல்களும் இருந்தன. எழுதத் தெரியாமல் இல்லை உங்களுக்கு. டீனாவுக்குக் கொடுத்த யோசனையைக் காயத்ரிக்கும் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

உங்கள் நெருக்கடி எனக்கும் தெரியும். வசூலின் பெரும்பகுதி முதல் மூன்று நான்கு நாளில் வந்துவிட வேண்டும். நாலு வாரத்தில் படம் ஓடிடிக்குப் போய்விடும். முதல் நாள் முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு வெளியே வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் விமர்சனம் எடுக்க விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பயம் போய்விட்டது. அதனால் அந்த முதல் காட்சிக் கூட்டத்தை மனதில் வைத்தே பத்து நிமிடத்துக்கு ஒரு கைதட்டலைப் பொருத்துகிறீர்கள். ஸ்பாய்லர் சொல்லாதீர்கள் என்று வெளியீட்டுக்கு முன் கெஞ்சுகிறீர்கள். நானும் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் ஒரு வரியில் சொன்னால் செத்துவிடும் படத்துக்கு இரண்டாவது வாரம் யார் வருவார்கள்? குடும்பத்தோடு வருகிற கூட்டம், பக்கத்து வீட்டுக்காரர் மனசு கனத்துப்போய்ச் சொன்ன வார்த்தையைக் கேட்டுவிட்டு வருகிற கூட்டம். கெட்டிக்காரத்தனம் முதல் வாரத்தை நிரப்பும். மீதி வாரங்களை நிரப்ப அது மட்டும் போதாது.

ஆகவே என் கோரிக்கை. அடுத்த படத்தின் டிஸ்கஷனில் ஒரு ட்விஸ்ட் பிடிபட்டதும், அது யாரை உலுக்கப்போகிறது என்று கேளுங்கள். பார்வையாளர்களை மட்டும்தான் என்றால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். கதைக்குள் இருக்கும் ஒரு மனுஷனையோ மனுஷியையோ அது உலுக்க வேண்டும். அப்படி ஒரு காட்சி கிடைத்துவிட்டால் அங்கே பின்னணி இசையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள். முகத்தைப் பார்க்க விடுங்கள். நீளம் குறைக்க வேண்டும் என்று எடிட்டிங் மேசையில் முடிவாகும்போது முதலில் அந்த முகத்தின் மேல் கைவைக்காதீர்கள். ஒரு சண்டையில் இரண்டு நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எழுத்தில் தொடங்க வேண்டிய வேலை. அந்தக் காலத்துத் தயாரிப்பு நிறுவனமான தேவர் பிலிம்ஸில், கதை எழுதுவதற்கென்றே கதை இலாகா என்று தனியாக வைத்திருந்தார்கள். 'எந்திரன்' வசனத்தில் ஷங்கரோடு சுஜாதாவும் மதன் கார்க்கியும் இருந்தார்கள். இன்றைக்கு எழுதுகிறவருக்கு ஹீரோவின் தேதி கிடைத்த பிறகுதான் நேரம் கிடைக்கிறது, படப்பிடிப்புத் தளத்தில் காலையில் சீன் பேப்பர் மாறுகிறது என்றெல்லாம் உங்கள் துறையில் இருப்பவர்களே சொல்லிக் கேட்கிறோம். எழுத்துக்கு முழுதாக ஒரு வருடம் கொடுங்கள். அந்த வருடத்துக்கான சம்பளத்தைப் பூஜை போடும் முன்பே கொடுங்கள். ஃபர்ஸ்ட் லுக் போஸ்டரில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.

அன்புடன்,
முன்வரிசை டிக்கெட் கிடைத்தாலும் வந்து பார்க்கும் ஒரு ரசிகை