பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. மாணவர் நாடகம் ஒன்றுக்கு ஆடிஷன் நடத்த ஒத்தாசை செய்யப் போய், அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

பாத்திரங்கள் 9, வந்தவர்கள் 43 பேர். தயார் செய்துகொண்டு வந்த வசனத்துக்கு 2 நிமிடம், அங்கேயே கையில் கொடுக்கும் காட்சிக்கு 3 நிமிடம். கணக்குப்படி மூன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆறரை ஆனது. காலையில் எனக்கு வாசலில் வேலை: நம்பர் சீட்டுக் கொடுப்பது, படிவத்தை வாங்கி வைப்பது. அந்தப் படிவத்தில் முன் அனுபவத்தைவிட முக்கியமான கேள்வி, ‘ஒத்திகைக்கு வரமுடியாத நாட்கள்’. ‘எதுவும் இல்லை’ என்று எழுதியவர்கள்தான் அப்புறம் ஒவ்வொருவராக வந்து, “சார், செவ்வாயும் வியாழனும் மட்டும்...” என்று தலையைச் சொறிந்தார்கள்.

மதியத்துக்கு மேல் எதிர் வசனம் படிக்க உள்ளே உட்கார வைத்தார்கள். அதிகமாக நடிக்கவும் கூடாது, ஒப்பிக்கவும் கூடாது. எனக்கு அது வருமா? முதல் மூன்று பேரோடு போட்டி போட்டு நடித்திருக்கிறேன். இயக்குநர் பெண் ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டேன்.

27ஆம் நம்பர் பையனுக்கு அண்ணனோடு சண்டை போடும் காட்சி. எடுத்த எடுப்பிலேயே கத்தினான். கையிலிருந்த தாள் படபடவென்று ஆடியது. நான் மனசுக்குள் அவனைக் கழித்துவிட்டேன். இயக்குநர் பெண்ணோ, “அதே வசனம்தான். ஆனால் பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள், எழுந்துவிடக் கூடாது” என்றாள். பையன் கொஞ்சம் யோசித்தான். இல்லாத கதவு ஒன்றைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான் பார், தாள் ஆடவே இல்லை. அடுத்த வசனம் என்னுடையது, படிக்க மறந்துவிட்டேன். பிறகு அவளுடைய மார்க் தாளைப் பார்த்தால், முதல் தடவைக்கு ஒன்றுமே போடவில்லை. சொன்ன பிறகு என்ன மாறுகிறது என்பதைத்தான் பார்ப்பாளாம். நம் காலத்தில் ஒரே தடவைதான், “சரி, போகலாம்” என்று அனுப்பிவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா?

பட்டியலை ஒட்டும் வேலையும் என் தலையில். ஒட்டியதும் ஓடியிருக்க வேண்டும், நின்று தொலைத்தேன். ஒரு பெண் மேலிருந்து கீழே படித்தாள், மறுபடி கீழிருந்து மேலே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “லைட்டு, திரை இதுக்கெல்லாம் ஆள் வேணுமா சார்?” என்றாள். நீயும் பட்டியலில் பெயர் இல்லாமல்தானே லைட் பக்கம் வந்தாய்? நான் மேடையில் வசனம் மறந்து நின்றபோது சட்டென்று விளக்கை அணைத்துக் காப்பாற்றியதும் நீதான்.

அவளுக்கு ஆர்வம் இருக்கிறது, சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. எனக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் எது, சுவிட்ச் எது என்பதே குழப்பம். நாடகத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஒரு சனி, ஞாயிறு வந்து போக முடியுமா? உன் முதுகு வலி தெரியும், ஏணியில் ஏற வேண்டாம். கீழே நின்று சொல், அவள் ஏறுவாள்.

அன்புடன்,
உன் பழைய கதாநாயகன்
(நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும்)