எருசலேம் முற்றுகையில் ஒரு கிரயப் பத்திரம்

பிரியமான மகளுக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். வேலை ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்றே தெரியாதபோது இரண்டு வருஷப் படிப்பில் எப்படியப்பா சேருவது, எல்லாம் தெளிவான பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கூடவே "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிற எரேமியா 29:11-ஐ எழுதி, இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறாய்.

பிடித்துக்கொள்ளம்மா. ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் ஒருதரம் வாசி. 70 வருஷம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்புவீர்கள் என்று இருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களிடம்தான் கர்த்தர் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் சொன்னார். அந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து வாழ்த்து அட்டையில் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அப்படியே 32-ஆம் அதிகாரத்துக்கும் போ. பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. நகரம் பிடிபடும் என்று சொன்னதற்காக எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, அவருடைய பெரிய தகப்பன் மகன் வந்து ஆனதோத்தில் இருக்கிற தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரியின் கைக்குப் போகிற நிலம்! எரேமியா என்ன செய்கிறார் என்று பார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், சாட்சி வைக்கிறார், முத்திரை போடுகிறார். அநேக நாள் கெடாமலிருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். வாங்கச் சொன்னவர் கர்த்தர்; இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்பது அவர் வாக்கு. ஒரு சின்னக் காரியம்கூட அரைகுறையாக இல்லை.

எனக்கு இதில் பிடித்ததே அதற்கு அடுத்த பகுதிதான். பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் ஜெபிக்கிறார். உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்து, நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகிறது, தேவரீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று முடிக்கிறார். அவருக்கும் புரியவில்லை! புரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கேட்கிறார். கேட்டதற்காகக் கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. நீ ராத்திரி அழுதுகொண்டே ஜெபித்ததை விசுவாசக் குறைவு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் தெரியுமல்லவா? ஹிட்லரை எதிர்த்தவர். 1943 ஜனவரியில் நிச்சயதார்த்தம், ஏப்ரலில் கைது. அந்த ஆகஸ்டில் சிறையிலிருந்து தனக்கு நிச்சயித்த மரியாவுக்கு எழுதின கடிதத்தில் இதே அதிகாரத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். இதை உன்னிடம் மறைத்து, விசுவாசித்தால் எல்லாம் நினைத்தபடி முடியும் என்று நான் சொன்னால் அது சுவிசேஷம் ஆகாது. நம்முடைய நம்பிக்கை வேலை நிலைப்பதில் இல்லை. மரித்தோரிலிருந்து எழுந்தவரில் இருக்கிறது. பேதுரு அதை "ஜீவனுள்ள நம்பிக்கை" என்று எழுதினதும் உபத்திரவப்பட்டுச் சிதறிக்கிடந்த ஜனங்களுக்குத்தான்.

அதனால் வேலை நிச்சயமாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கட்டணம் கட்டக் கையில் இருக்கிறதா, உடம்பு தாங்குமா என்று கணக்குப் பார். அது அவிசுவாசம் இல்லை, எரேமியாவும் வெள்ளியை நிறுத்துத்தானே கொடுத்தார். கணக்குச் சரியாக வந்தால் சேர்ந்துவிடு. வராவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்காக மனம் உடைய வேண்டாம்.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று மட்டும் உடனே எழுது. உன் அம்மாவுக்குத் தேதி சொல்லி ஜெபித்தால்தான் ஜெபித்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
அப்பா