குழலைக் குறை சொல்லும் முன்

அன்புள்ள சிவராமா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற வரியைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அவள் படிப்புக்காக நீ எத்தனை துப்பாக்கிச் சுடும் போட்டிகளை விட்டுக்கொடுத்தாய் என்பது எனக்குத் தெரியும். இனி உனக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். எனக்கு வலக்கண்ணில் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. துப்பாக்கியின் முன்குறி பழையபடி கூர்மையாகத் தெரிகிறது. அந்த மகிழ்ச்சியில்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் .308 ரைஃபிளுக்கு வருகிறேன். பட்டறைக்காரர் குழலின் உட்புறத்தைக் காட்டும் போர்ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்து, "குழல் முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். தொண்டைப் பகுதி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள் தொடங்கும் இடம், கோடை ஏரியின் படுகை போல வெடித்துக் கிடக்கிறது. பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அந்தப் படத்தை மட்டும் நம்பி நான் குழலைக் கழற்றமாட்டேன்.

அந்த வெடிப்புகள் குண்டு உரசியதால் வந்தவை அல்ல. வெடிமருந்து எரியும் சூடும் அழுத்தமும் எஃகின் மேல்தோலைத் திரும்பத் திரும்பச் சுட்டுக் குளிரவைப்பதால் வருகின்றன. பிரிட்டிஷ் ராணுவம் இதை அனுபவத்தில் கற்றது. 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்த ஆழமில்லாத, மழுங்கிய விளிம்புள்ள பள்ளங்கள் இருந்தன. கரிமருந்துக்கு அவை அருமையாகப் பொருந்தின. பிறகு கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்து வந்தது. அதன் சூட்டில் அந்த மென்மையான பள்ளங்கள் வேகமாகத் தேய்ந்தன. 1895இல் ஆழமான, சதுர விளிம்புள்ள என்ஃபீல்டு பள்ளங்களுக்கு மாறினார்கள், துப்பாக்கியின் பெயரும் லீ-என்ஃபீல்டு ஆயிற்று. தொண்டை வெந்துபோவது எந்தக் குழலுக்கும் உள்ள விதி. அப்படி வெந்த தொண்டையோடு போட்டியில் வெல்லும் குழல்கள் நிறையவே உண்டு. பள்ளத்தின் தொடக்கம் எவ்வளவு முன்னே தள்ளிப் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. புதிதாக வாங்கியபோது குண்டு பள்ளத்தைத் தொட்ட நீளத்தை நீ எழுதி வைத்திருப்பாய், உன் பழக்கம் அது. இன்று மறுபடி அளந்து அதோடு ஒப்பிட்டுப் பார்.

அதற்கும் முன்னால் எளிய வேலைகள் இருக்கின்றன. துப்பாக்கியை மரக்கட்டையோடு இணைக்கும் திருகுகள், தொலைநோக்கியின் பிடிகள், இரண்டையும் சரிபார். பிறகு குண்டுகள் குழலில் விட்டுச்சென்ற செம்புப் படிவை முழுவதும் எடு. அம்மோனியா கலந்த கரைப்பான் போட்டுத் துடைத்தால் துணி நீலமாக வரும். நீ பித்தளை முனை வைத்த கம்பியைப் பயன்படுத்தினால் சுத்தமான குழலிலும் துணி நீலமாகத்தான் வரும், ஏனென்றால் கரைப்பான் பித்தளையையும் தின்னும். பித்தளையல்லாத முனையை வைத்துக்கொள். கழுவிய பிறகு குழலின் குணம் தெரியும். நன்றாக மெருகேற்றிய குழல் சீக்கிரம் சுத்தமாகிவிடும், சொரசொரப்பானது உன்னை நாள் முழுக்க உட்காரவைக்கும்.

அடுத்தது முனை விளிம்பு, நாம் கிரவுன் என்று சொல்வது. குண்டு குழலை விட்டுப் பிரியும்போது பின்னாலிருந்து வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் சிறு நசுக்கல் இருந்தால் வாயு அங்கே முந்திக்கொண்டு குண்டின் அடிப்பகுதியைச் சாய்த்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு, விளிம்பை உரசியபடி வெளியே இழு. எங்காவது பஞ்சிழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. சுட்ட பிறகு விளிம்பில் கரி படிந்திருப்பதையும் பார். பள்ளங்களுக்கு நேராக நட்சத்திரம் போல எல்லாக் கதிரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்கள் கிளப்பில் ஒருவருடைய குழலை "தேறாது" என்று ஒரு பட்டறையில் ஒதுக்கிவிட்டார்கள். இன்னொருவர் முனையை மட்டும் புதிதாக வெட்டிக் கொடுத்தார். அந்த ரைஃபிள் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது, நன்றாகச் சுடுகிறது.

இவ்வளவும் செய்துவிட்டு, பத்துக் குண்டு குரூப் சுடு, அதாவது ஒரே குறியில் பத்துக் குண்டு. மூன்று குண்டு வேண்டாம். அதே துப்பாக்கியும் அதே தோட்டாவும் இருந்தாலும், பத்துக் குண்டுகள் சிதறும் அகலம் மூன்று குண்டுகளின் அகலத்தைப் போலச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். இது எண்களின் இயல்பு, குழலின் குற்றம் அன்று. மூன்று குண்டு குரூப்பை வைத்துக் குழலைப் புகழ்பவர்களும் தூற்றுபவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைத்தது. குழலின் தரத்தைக் கண்ணால் காண முடியாது. உள்ளே கண்ணாடி போல மின்னும் குழல் மோசமாகச் சுடலாம், கருவி ஓடிய கோடுகள் தெரியும் குழல் அற்புதமாகச் சுடலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளவு மாறாமல் இருப்பதுதான் தரம். அதை விரல்தான் கண்டுபிடிக்கும்.

எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், செய்து பார். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிடு. தோட்டா அமரும் அறை (சேம்பர்) காலி என்று தெரிந்திருந்தாலும் விரலை விட்டு ஒருமுறை பார். குழலுக்குள் எண்ணெய்த் துணி ஒன்றை ஓட்டு. பள்ள அளவைவிடச் சற்றே பெரிய, கலப்பில்லாத மென்மையான ஈயக் கட்டியை முனையில் வைத்து, மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டி உள்ளே இறக்கு. பிறகு நேரான, கைப்பிடி சுழலும் கம்பியால் ஒரே சீராகத் தள்ளு. அப்போது கண்களை மூடிக்கொள். நல்ல குழலில் ஒரே எதிர்ப்பு கடைசி வரை கூடவே வரும், பள்ளத்தின் சுற்றுக்கு ஏற்பக் கைப்பிடி நிதானமாகத் திரும்பும். மோசமான குழலில் ஓரிடத்தில் இறுகும், உடனே வழுக்கும். அந்த வழுக்கல் உள்ளங்கையில் தெரியும்போது வயிறே கொஞ்சம் கலங்கும். அங்கே குழல் அகன்றிருக்கிறது என்று பொருள். இறுகிய இடத்தில் சுருங்கிய குண்டு, அகன்ற இடத்தில் பள்ளத்தை நிரப்பாமல் ஓடுகிறது, வாயு பக்கவாட்டில் கசிகிறது.

முழு நீளம் ஓடி வந்த கட்டி, வழியில் இருந்த மிக இறுக்கமான இடத்தின் அளவைத்தான் சொல்லும். அதனால் முனையில் ஒரு கட்டியைச் சிறிது தூரம் மட்டும் இறக்கித் திரும்ப எடு, சேம்பர் பக்கம் வேறொன்றை அதேபோல் எடு. இரண்டையும் மைக்ரோமீட்டரில் அள. உன் ரகத்தில் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேட்டுக்கு மேடு 0.300 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.308 இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நல்ல குழலில் இரு முனைகளும் அங்குலத்தில் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் வேறுபடக் கூடாது. முனைப் பக்கம் இம்மி இறுக்கமாக இருந்தால் நல்லது. முனை அகன்றிருந்தால் அந்தக் குழலை நான் விட்டுவிடுவேன். பள்ளங்கள் ஐந்து என்றால் பள்ளத்துக்கு எதிரே மேடு வரும், சாதாரண மைக்ரோமீட்டர் உதவாது, வி வடிவத் தாங்கி உள்ளது வேண்டும்.

புதுக் குழல் வாங்குவதாக முடிவானால், வெட்டிய பள்ளமா, பட்டன் என்ற கடினமான அச்சை இழுத்துப் பதித்த பள்ளமா, சுத்தியலடி முறையா என்ற வாதத்தில் நேரத்தைச் செலவிடாதே. மூன்றிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. பட்டன் முறையில் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்: எஃகுக்குள் தங்கிய இறுக்கத்தை வெப்பத்தால் தணித்த பிறகுதான் வெளிப்புறத்தைக் கடைந்தார்களா? தணிக்காமல் கடைந்தால் மெலிந்த பக்கம், அதாவது முனைப் பக்கம், உட்புறம் அகன்றுவிடும். சுடச்சுடச் சூடேறும்போது குண்டு விழும் இடமும் நகர்ந்துகொண்டே போகும். பிறகு, ஈய உருளையில் தேய்ப்புப் பசை தடவிக் கையால் மெருகேற்றியிருக்கிறார்களா என்று கேள். மெருகேற்றிய குழலின் இரு முனைகளும் மணியின் வாய் போலச் சற்று விரிந்திருக்கும். பொருத்தும்போது ஓர் அங்குலமாவது வெட்டி நீக்க வேண்டும்.

நீளமான குண்டுகளுக்கு மாறப்போவதாக எழுதியிருந்தாய். சுற்றின் வேகத்துக்கு 1879இல் பிரிட்டிஷ் கணித அறிஞர் கிரீன்ஹில் தந்த கணக்கு இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதும்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகு. ஒன்றேகால் அங்குல நீளக் குண்டுக்கு 11.4 வருகிறது, அதாவது பள்ளம் 11.4 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அப்படியானால் 12 அங்குலச் சுற்று உனக்குப் போதாது, 11 அல்லது 10 வாங்கு. சோதனைச்சாலை முத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது குழல் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு மட்டும் சான்று. குறிபார்த்துச் சுடும் என்று எந்த முத்திரையும் சொல்வதில்லை.

பட்டறைக்காரரைத் தேர்ந்தெடுப்பதில்தான் உன் கவலை முழுவதும் இருக்க வேண்டும். சிறந்த குழலைக் கோணலாகப் பொருத்தினால் அது சாதாரணக் குழல். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "லேத்தில் எதை வைத்து மையம் பார்ப்பீர்கள்?" வெளிப்புறத்தை வைத்து என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு. ஆழமாகத் துளையிடும்போது துரப்பணம் சற்று விலகியே போகும், உள்துளையின் மையமும் வெளிப்புறத்தின் மையமும் ஒன்றாக இருப்பது அரிது. உள்துளைக்குள்ளேயே டயல் கேஜ் முள்ளை வைத்துப் பார்ப்பவரிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். அறையை இழைக்கும் ரீமரின் வரைபடத்தைக் கேட்டால் எடுத்துக் காட்டுபவர், அறையின் ஆழத்தைச் சோதிக்கும் கோ கேஜையும் நோ-கோ கேஜையும் உன் முன்னாலேயே போட்டுக் காட்டுபவர், அவர்தான் ஆள். உன் ரகத்தில் கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634. இடைவெளி அவ்வளவுதான். கேள்வி கேட்டாலே முகம் சுருங்குபவருடைய அனுபவம் எத்தனை ஆண்டானாலும் எனக்கு வேண்டாம்.

நம் பக்கமும் முறை வேண்டும். தோட்டா ரகம், சுற்று, குழலின் இறுதி நீளம், தொண்டை அளவு, முனையின் வெட்டு, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நீ சுடப்போகும் குண்டை வைத்து, மருந்தும் பற்றவைப்பானும் இல்லாத ஒரு மாதிரித் தோட்டாவைக் கொடுத்துவிடு, தொண்டையை அதற்கு ஏற்ப வெட்டுவார். வெட்டி எடுத்த துண்டுகளையும் பழைய குழலையும் திருப்பித் தரச் சொல். அந்தத் துண்டுகளில் மேட்டையும் பள்ளத்தையும் நேரடியாக அளக்கலாம். பிறகு அவரை விட்டுவிடு. இடையில் நச்சரிக்காதே. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் குழல் செய்த ஹாரி போப் (1861–1950) நாள் குறித்து வாக்குக் கொடுக்கமாட்டார், சுடுபவர்கள் காத்திருந்து வாங்கிச் சென்றார்கள். வேலை அப்படி இருந்தது.

வேலை முடிந்து வந்ததும் போர்ஸ்கோப்பை இரவல் வாங்கு. அப்போதுதான் அது உண்மையாகப் பயன்படும். தொண்டையில் எல்லா மேடுகளும் ஒரே தூரத்தில் தொடங்குகின்றனவா என்று பார். ஒரு பக்கம் முன்னாலும் எதிர்ப்பக்கம் பின்னாலும் தொடங்கினால் ரீமர் சாய்ந்து இறங்கியிருக்கிறது. அதைப் படம் எடுத்து அவரிடமே அமைதியாகக் காட்டு. நல்லவர் என்றால் சேம்பர் பக்கத்தை வெட்டிக் குழலைப் பின்தள்ளி, மறுபடி அறை இழைத்துத் தருவார்.

இப்போதைக்கு எதையும் கழற்றவேண்டாம். ஈயக் கட்டியின் இரு அளவுகளையும், தொண்டையின் பழைய, புதிய நீளங்களையும், பத்துக் குண்டு அட்டையையும் அனுப்பு. பார்த்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன். மகளுக்கு என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்