கம்ப்ரஷன் அண்ணன் வரைந்த வட்டம்: தலைமை அலுவலக டிஜிட்டல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவி என்று உயிர் அறிவியல் தொழில் நடத்தும் நிறுவனங்களின் டிஜிட்டல் குழுவினருக்கு,

வணக்கம்.

மதுரையை ஒட்டிய கப்பலூர் பக்கம் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில், தர உறுதிப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். நீங்கள் ஹைதராபாத்திலோ மும்பையிலோ இருந்து டீம்ஸ் அழைப்பில் வரும்போது, ஓரத்துக் கட்டத்தில் வெள்ளைத் தொப்பியோடு தெரிகிற நாலைந்து தலைகளில் ஒன்று என்னுடையது. பெரும்பாலும் மைக்கை அணைத்து வைத்திருப்பேன். இன்று அதைத் திறக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் நடந்தது. பொடியை மாத்திரையாக அழுத்தும் கம்ப்ரஷன் மெஷினில் வட்டமாக 27 ஸ்டேஷன், அதாவது 27 அழுத்தும் இடம். அதில் ஓடிக்கொண்டிருந்த மாத்திரையில் எழுத்து சிதைய ஆரம்பித்தது. மாத்திரை மேல் பொறித்திருந்த ஆங்கில ‘ஆர்’ எழுத்தின் வளையத்துக்குள் இருக்கும் துளிப் பகுதி பெயர்ந்து, பஞ்ச் என்கிற உலோக அச்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஏ, பி, ஆர் போல உள்ளே மூடிய இடம் உள்ள எழுத்துகளில்தான் இந்தப் ‘பிக்கிங்’ முதலில் தலைகாட்டும். மெஷினை நிறுத்தி, டீவியேஷன், அதாவது வழக்கம் மீறி நடந்ததற்கான அறிக்கை, எழுதினோம். மறுநாள் பதினொரு மணிக்கு அழைப்பு, மொத்தம் பதினான்கு பேர். திரையில் எல்லாரும் சேர்ந்து எழுதும் மிரோ என்கிற இணையப் பலகை, அதில் காரணங்களை முள் முள்ளாகக் காட்டும் ஒரு பெரிய மீன்முள் வரைபடம். ஈரப்பதமா, கிரானுல் (குறுணையாக்கிய மருந்துப் பொடி) சரியாகக் காயவில்லையா, ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் போதவில்லையா என்று மஞ்சள் சீட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஐம்பது நிமிடம் போனது. பார்க்க அழகான மீன்தான். முள் நிறைய இருந்தது, சதையைத்தான் காணோம்.

அந்த மெஷினை ஓட்டுகிற அண்ணன் அவ்வளவு நேரமும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் கேட்டால் புரியும். பதினான்கு பேர் முன்னால் பேச வராது. ‘அநேகமாக ஈரப்பதம், இரண்டு வாரத் தரவை எடுத்து அனுப்புங்கள்’ என்று அழைப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி இருபத்தேழு கோடு. அதில் நான்குக்கு மட்டும் பெருக்கல் குறி.

“மேடம், மழைண்டா இருபத்தேழுலயும்ல ஒட்டணும்? இந்த நாலு மட்டும்தான் ஒட்டுது. இந்த நாலும் போன மாசம் பழைய செட்டுல இருந்து எடுத்து மாட்டுனது.”

நான்கு பஞ்சையும் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தோம். முகத்தில் மெல்லிய கீறல்கள். பாலிஷ் சரியாக ஏறவில்லை. மாற்றினோம், ஓடியது. டெக்னாலஜி எதுவும் தேவைப்படாத கதை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது அந்த அட்டைக்கு நேர்ந்த கதியை.

எங்கள் கவுனில் பை கிடையாது. எண் போட்டு வழங்கப்படாத தாள் எதுவும் உற்பத்திப் பகுதியில் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் குப்பைத் தொட்டியையும் கிளறிப் பார்க்கிற காலம் இது. அதனால் தர உறுதிக்காரியான நானே அந்த அட்டையைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து வெளியே கொண்டுபோய்க் கிழித்தேன். தப்புதான். அறிக்கையில் ‘நான்கு ஸ்டேஷன்களின் பஞ்ச் முகத்தில் கீறல்’ என்று ஒரு வரி மட்டும் போயிற்று. தரவு நேர்மைக்கு அல்கோவா என்று ஐந்து விதி சொல்லிக் கொடுக்கிறோமே: யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், வேலை நடக்கும்போதே எழுத வேண்டும், மூலமாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். அண்ணனின் அட்டையில் ஒரு கையெழுத்தும் எண்ணும் இருந்திருந்தால் ஐந்தும் பொருந்தியிருக்கும். எல்லா அனுமதியோடும் இருந்த மிரோ பலகையில் ‘சரியாக இருக்க வேண்டும்’ என்ற ஒன்று மட்டும் இல்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை, கிட்டத்தட்ட ஒரே கோரிக்கை: மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு, விதிப்படி வரைய ஓர் இடம் கொடுங்கள். துடைத்துச் சுத்தம் செய்யத்தக்க ஒரு டேப்லெட், அவரவர் பெயரில் நுழைவு, தானாகப் பதியும் நேரம். உள்ளே வெற்றுப் பலகை வேண்டாம்; 27 கோடு போட்ட வட்டம், பிளிஸ்டர் அட்டையின் கட்டம், அறைகளின் வரைபடம் என்று முன்னாலேயே வரைந்து வையுங்கள். அவர் விரலால் குறி போட்டால் போதும். வாங்குவதற்கு முன் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். ஒற்றை நைட்ரைல் கையுறைக்கு வேலை செய்கிற திரை, இரட்டைக் கையுறைக்குச் சண்டித்தனம் செய்யும். கரைப்பான் ஆவி உள்ள கோட்டிங் பகுதிக்குச் சாதாரணக் கருவி உள்ளேயே வரக் கூடாது, அங்கே தீப்பொறி எழுப்பாத வகை தேவை. விலை கூடுதல்தான். பதினான்கு பேரின் ஐம்பது நிமிடத்துக்கு என்ன விலை என்று உங்கள் கணக்குப் பிரிவைக் கேளுங்கள்.

விதிகள் இதற்குத் தடை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மின்னணுப் பதிவுக்கும் கையொப்பத்துக்கும் அமெரிக்காவின் ‘பார்ட் 11’ விதி வந்தது 1997இல். நம் நாட்டில் மருந்துத் தொழிற்சாலைகளுக்கான தர விதிகளான ‘ஷெட்யூல் எம்’ திருத்தப்பட்டு, 2023 டிசம்பர் இறுதித் தேதியிட்டு அறிவிக்கப்பட்டது. கணினி அமைப்புகளைப் பற்றி அதிலேயே பேசியிருக்கிறார்கள். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆறு மாதம், மற்றவர்களுக்கு ஒரு வருடம் என்று தொடங்கிய கெடு, விண்ணப்பித்த சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை நீண்டது. எப்படியும் கருவி வாங்கத்தான் போகிறீர்கள். யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது பேச்சு. அழைப்பு எப்போதும் உங்கள் ஸ்லைடில் தொடங்குகிறது. மெஷினில் தொடங்கட்டுமே! முதல் பத்து நிமிடம் கேமரா மெஷின் முன்னால், ஓட்டுகிறவர் பேசட்டும், தமிழில். புரியாதவர்களுக்கு என்னைப் போல ஒருத்தி ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். இப்போது மொழிபெயர்ப்பு உங்களிடமிருந்து எங்களுக்கு மட்டும்தான் வருகிறது, ஒருவழிப் பாதை. முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்து, காற்றைச் சுத்திகரித்து அனுப்பும் ஏ.எச்.யூ.வின் இரைச்சலுக்கும் பொடி சலிக்கும் சிஃப்டரின் அதிர்வுக்கும் நடுவே பேசுகிறவரின் குரல் உங்களுக்குப் பாதிதான் கேட்கும். மீதிப் பாதியை அவர் படம் சொல்லும்.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் இருபது வருடம் முன்னாலேயே போய்விட்டார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 வாக்கில் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் தொடங்கியபோது, தேனியைச் சுற்றி நெடுந்தூர வைஃபை இணைப்பு போட்டார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட இருந்து செய்த வேலை அது. கிராமத்து மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதித்து, படத்தையும் விவரத்தையும் அனுப்புவார். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியிடமே திரையில் பேசுவார், நோயாளியின் பேச்சிலேயே. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவரும் அதற்காக ஆங்கிலம் படிக்கவில்லை. வரிசையைக் கவனியுங்கள்: கண் பக்கத்தில் இருப்பவர் முதலில், தூரத்தில் இருப்பவர் பிறகு.

பதிவு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், சங்கடமாக இருந்தாலும். திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்ததும் எங்கள் பக்கம் வாய் மூடிவிடும். ஒருமுறை, வேறோர் இடத்தில், அழைப்பில் ஒரு பையன் ‘அன்னைக்கு நான்தான் ஹாப்பர் மூடியைத் திறந்து வச்சிட்டேன்’ என்று வெள்ளந்தியாகச் சொன்னான். இரண்டு வாரம் கழித்து அந்தப் பதிவை ஓட்டிக் காட்டி மெமோ கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் எந்த மூடியும் தவறுதலாகத் திறந்ததாகத் தகவல் இல்லை. மூடிகள் என்னவோ திறந்துகொண்டுதான் இருந்தன. பதிவை விசாரணைக்கு வையுங்கள், தண்டனைக்கு வைக்காதீர்கள்; அதை எழுத்தில் கொடுங்கள். இது இல்லாமல் எத்தனை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கினாலும் மௌனத்தைத்தான் உயர்தரத்தில் பதிவு செய்துகொண்டிருப்பீர்கள்.

கேமராவால் ஆகாத வேலையையும் தெரிந்து வையுங்கள். கோட்டிங் முடிந்த மாத்திரையின் நிறத்தை வீடியோவில் பார்த்து ஒப்புதல் தரும் வழக்கம் கொரோனா காலத்தில் வந்தது, இன்னும் போகவில்லை. செல்போன் கேமரா தானாக வெளிச்சத்தை ஊகித்து நிறத்தைத் திருத்திக்கொள்ளும். தட்டு முழுக்க வெளிர் மஞ்சள் இருந்தால் அதை வெள்ளைப் பக்கம் இழுத்துவிடும். பிறகு உங்கள் மானிட்டர் தன் பங்குக்கு ஒரு திருத்தம் செய்யும். ஒரே தட்டை மூன்று பேர் மூன்று நிறமாகப் பார்த்து வாக்குவாதம் செய்ததைக் கேட்டிருக்கிறேன். நிறத்துக்கு, ஒப்புதல் பெற்ற மாதிரியைப் பக்கத்தில் வைத்து, குறித்த விளக்கொளியில் நேரில் பார்க்கும் கண்தான் வேண்டும். மாத்திரையைக் கூரியரில் அனுப்பினால் ஒரு நாளில் வந்துவிடும். பச்சை, சிவப்பு மட்டும் வைத்து நிலைமை காட்டும் டாஷ்போர்டுகளையும் மாற்றுங்கள். அந்த இரண்டும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தத் தொழிற்சாலையிலும் இருப்பார்கள். சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள். சரி குறி, பெருக்கல் குறி சேர்த்துப் போட்டால் முடிந்தது வேலை.

வாட்ஸ்அப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். ‘ஷிஃப்ட் குரூப்’ ஒன்று எல்லா இடத்திலும் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறீர்கள். முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. ஆள் வேலையை விட்டுப் போகும்போது படங்களும் அவர் போனோடு பஸ் ஏறிவிடுகின்றன. தடை போட்டு ஒரு சுற்றறிக்கை விட்டால் குரூப் பெயர் மட்டும் மாறும். அதைவிட வசதியான ஒன்றைக் கொடுத்தால்தான் அது சாகும்.

எஸ்.ஓ.பி. என்கிற செயல்முறை ஆவணத்துக்கு வீடியோ எடுப்பதை மனமார வரவேற்கிறேன். இருபத்திரண்டு பக்க ஆங்கில எஸ்.ஓ.பி.யில் கையெழுத்து வாங்கி ‘பயிற்சி முடிந்தது’ என்று எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆவணத்தின் மொழியும் நடையும் அதன் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஜி.எம்.பி. (நல்ல உற்பத்தி முறை) விதிகளின் நான்காம் அத்தியாயமே சொல்கிறது. இரண்டு நிமிட வீடியோ, எங்கள் மெஷினில், எங்கள் ஆள் கைகளை வைத்து, தமிழ்க் குரலோடு. வாடகை ஸ்டுடியோவில் வெள்ளைக்காரச் சிரிப்போடு எடுத்தது வேண்டாம். வீடியோவுக்கும் பதிப்பு எண் போடுங்கள். பழையது தானாக மறைய வேண்டும். 2016இல் மத்திய சுகாதாரத் துறை ஆன்டிபயாடிக் அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டை மக்களுக்கு அறிமுகப்படுத்தியது. மருத்துவர் சீட்டில்லாமல் விழுங்காதே என்பதற்கு ஒரே கோடு. நோயாளிக்குக் கோடு போடத் தெரிந்த தொழில் நம்முடையது. அந்த அட்டையைப் பேக் செய்கிறவருக்கும் ஒரு கோடு போடலாம்.

சின்ன விஷயம் ஒன்று. எங்களுக்கு ஆறு, இரண்டு, பத்து என்று ஷிஃப்ட் மாறும். இரண்டு மணிக்கு அழைப்பு வைத்தால், போகிறவர் பஸ்ஸைப் பார்ப்பார், வருகிறவர் உடை மாற்றிக்கொண்டிருப்பார். திருமங்கலம் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று எங்களுக்குத்தான் தெரியும். மூன்று மணிக்கு வையுங்கள். உலோகத் தகடு போட்ட கிளீன் ரூம் சுவருக்குள் வைஃபை செத்துவிடும் என்பதால் அறைக்கு அறை இணைப்புக் கருவி வேண்டும் என்று கேட்டு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வருகிற வியாழக்கிழமை மூன்று மணிக்கு அடுத்த டீவியேஷன் கூட்டம். ஸ்லைடு எதுவும் கொண்டு வர வேண்டாம். கம்ப்ரஷன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ‘வரையிறதுக்கு எதாச்சும் குடுப்பாங்களா மேடம்?’ என்று மட்டும் கேட்டார். எண் போட்ட தாள் ஒன்று நான் வழங்கிவிடுகிறேன், டேப்லெட் வரும்வரைக்கும்.

இப்படிக்கு,
கப்பலூர் அருகே ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் தர உறுதிப் பிரிவு ஊழியை