முஸ்கதே சமையலுக்கு மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சு வெள்ளை வைன்கள் பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையை விரும்பி வாசித்தேன். ஆனால் முஸ்கதே என்ற வெள்ளை வைனுக்கு அதில் ஒரே ஒரு வரிதான். மலிவானது, சமையலுக்கு உதவும் என்று முடித்துவிட்டார்கள். பாரிஸில் கடலுணவு விற்கும் உணவகம் ஒன்றின் குசினியில் நெடுங்காலமாக வேலை செய்கிறவன் நான். மலிவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிப்பித் தட்டோடு மேசைக்கு அனுப்ப அதைவிடப் பொருத்தமான போத்தல் எங்கள் நிலவறையில் இல்லை. பல மடங்கு விலையுள்ளவையும் அங்கேதான் அடுக்கிக் கிடக்கின்றன.

லுவார் ஆறு அத்லாந்திக்கைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற நான்த் நகரைச் சுற்றித்தான் இந்தத் தோட்டங்கள். கொடியின் பெயர் மெலோன் து பூர்கோஞ். 1709 குளிர்காலத்தில் அங்கிருந்த கொடிகள் பட்டுப்போக, பனியைத் தாங்கும் என்று கிழக்குப் பிரான்சின் பூர்கோஞ் பக்கத்து இந்த இனத்தைப் பரவலாக நட்டார்கள். காய்ச்சி வடிக்க மெல்லிய வெள்ளை வைன் தேடிய ஒல்லாந்து வணிகர்களும் வாங்க ஆயத்தமாக இருந்தார்கள். பெயர் ஒத்திருந்தாலும், வாசனை மிகுந்த மஸ்காட் திராட்சைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த வாசனையை எதிர்பார்த்து வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார்.

வாங்கும்போது போத்தலில் செவ்ர் ஏ மேன் என்ற பகுதிப் பெயரும், கூடவே சுர் லி என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். சுர் லி என்றால் மண்டியின் மேல் என்று அர்த்தம்: நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை அகற்றாமல், குளிர்காலம் முழுவதும் அதன் மேலேயே வைனைக் கிடக்கவிட்டு, தொட்டி மாற்றாமல் நேரே போத்தலில் அடைக்கிறார்கள். முஸ்கதே இயல்பிலேயே ஒல்லியானது, மதுசாரம் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இந்த மண்டிதான் அதற்குக் கொஞ்சம் சதை பிடிக்கவைக்கிறது. நாக்கு நுனியில் மெல்லிய சுறுசுறுப்பும் தெரியும். அது அடைபட்டுப்போன வாயு, பழுது இல்லை. திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்களும் உண்டு!

இனிச் சிப்பி. பிரித்தானிக் கரையில் இருக்கிற கான்கால் ஊர்ச் சிப்பியைத் திறந்ததும் ஓட்டில் தேங்கும் உப்புத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். தேசிக்காயும் பிழிய வேண்டாம், வெங்காயம் போட்ட வினாகிரியும் வேண்டாம். தேசிக்காய் செய்ய வேண்டிய வேலையை வைனின் புளிப்பே செய்துவிடும். ஓக் பீப்பாயில் வளர்ந்த கனத்த சார்தொனே வெள்ளை வைனை இதோடு குடித்துப் பாருங்கள், சிப்பி இருந்த இடமே தெரியாது.

சமையல் என்று சொன்னதால் நான்த்துக்காரரின் பேர் பிளான் என்ற பட்டர் சோஸையும் சொல்லவேண்டும். பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தை வினாகிரியிலும் முஸ்கதேயிலும் போட்டு, ஈரம் மட்டும் மிஞ்சும்வரை வற்றவைப்போம். பிறகு அடுப்பைத் தணித்து, குளிர்ந்த பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டுக் கைவிடாமல் அடிக்கவேண்டும். கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும், அப்புறம் அது சோஸ் இல்லை. அவித்த ஆற்று மீனுக்கு மேல் இதை ஊற்றி, அதே முஸ்கதேயைப் பக்கத்தில் வைத்தால், அவ்வளவு பட்டரும் திகட்டாது.

நம் வீட்டு மீன் கறியோடு மட்டும் இதைத் திறக்காதீர்கள். மிளகாய்த்தூளுக்கு முன்னால் வெறும் புளித்தண்ணீராகிவிடும். காரத்துக்கு அல்சாஸ் பக்கத்து கெவுர்ஸ்திரமினேர் என்ற வாசனை வெள்ளை வைன் தேவலாம், கொஞ்சம் இனிப்போடு இருந்தால் இன்னும் நல்லது. உப்பும் மஞ்சளும் மட்டும் பிரட்டிப் பொரித்த நெத்தலிக்கு முஸ்கதே நன்றாகவே ஒத்துப்போகிறது.

விறைக்கக் குளிரவைப்பதும் தேவையில்லை, 8 முதல் 10 பாகை போதும். கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள்: கிளிசோன், கோர்ஜ் என்று ஊர்ப்பெயரோடு 2011 முதல் வரும் முஸ்கதேகளில் ஒன்றையாவது தேடிக் குடித்துப் பார்க்கட்டும். இரண்டு வருடம் மண்டியோடு கிடந்தவை அவை. அதை எந்தச் சமையற்காரரும் சட்டியில் ஊற்றமாட்டார்.

இப்படிக்கு,
குசினித் தொழிலாளி ஒருவர்,
பாரிஸ்.