விலையைக் குறையுங்கள், கொடுத்த வாக்கை மாற்றாதீர்கள்

மின்சாரக் கொள்கை வகுக்கும் அமைச்சகங்களுக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கும்,

வணக்கம். சோலார், காற்றாலைத் திட்டங்களுக்குக் கடன் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. நீங்கள் ஓர் ஆணை வெளியிட்டால், முன்னுரையில் வரும் பசுமை, பருவநிலை, வருங்காலத் தலைமுறை எல்லாவற்றையும் புரட்டித் தள்ளிவிட்டு நான் தேடுவது இரண்டே விஷயம். எங்கள் மின்சாரத்தை வாங்கும் இந்த விலை எத்தனை ஆண்டுக்கு? நடுவில் அதை மாற்ற யாருக்கு அதிகாரம்?

காரணம் இருக்கிறது. அனல்மின் நிலையம் ஓடும் காலமெல்லாம் நிலக்கரி வாங்கியாக வேண்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் பில் வராது; ஆனால் செலவில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே கொட்டியாக வேண்டும், அதிலும் பாதிக்கு மேல் பெரும்பாலும் கடன் பணம். 100 கடன் வாங்கி 20 ஆண்டில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத வட்டி என்றால் ஆண்டுத் தவணை சுமார் 8. 10 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 12. அதே பேனல், அதே வெயில், தவணை மட்டும் ஒன்றரை மடங்கு. உங்கள் கொள்கை எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று வங்கிக்குத் தோன்றினால், முதலில் ஏறுவது இந்த வட்டிதான்.

ஜெர்மனி 2000-இல் கொண்டுவந்த சட்டத்தில் சாமர்த்தியம் இங்கேதான். நிலையம் ஓடத் தொடங்கிய நாளில் என்ன விலையோ, அதுவே 20 ஆண்டுக்கு. புதிதாக வருபவருக்கு மட்டும் விலை ஆண்டுதோறும் குறையும். அன்று அந்த நாட்டின் மின் நுகர்வில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 6 சதவீதம் போல. 2023-இல் பாதியைத் தாண்டிவிட்டது. சும்மா வரவில்லை, மக்கள் பல ஆண்டுகள் மின்கட்டணத்தோடு தனி வரி மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

ஸ்பெயின் கதை வேறு. 2007-இல் தாராளமான விலை அறிவித்தார்கள். மறு ஆண்டே சோலார் நிலையங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு குவிந்தன. கணக்கு உதைத்தது. சரி, புதியவர்களுக்கு விலையைக் குறைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அப்படி நிறுத்திக்கொள்ளாமல், 2010-இலிருந்து 2013-க்குள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிலையங்களின் வருமானத்திலேயே கை வைத்தார்கள். புது முதலீடு படுத்துவிட்டது. சர்வதேச நடுவர் மன்றங்களில் டஜன் கணக்கில் வழக்குகள்.

இப்போது பல நாடுகள் ஏலத்துக்கு மாறிவிட்டன; குறைந்த விலைக்கு மின்சாரம் தர முன்வருபவருக்கே ஒப்பந்தம். நல்லதுதான், ஆனால் ஏலத்தில் கேட்கக்கூடிய விலையின் உச்சவரம்பை இஷ்டத்துக்கு இறுக்க முடியாது. பிரிட்டனில் 2023 ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. மறு ஆண்டு வரம்பை உயர்த்தியதும் வந்தார்கள்.

அப்புறம், கம்பி. இதைப் பேசினால் கூட்டத்தில் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். டெக்சாஸின் மேற்குப் பகுதியில் காற்று இருந்தது, ஆலைகளும் இருந்தன. மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுபோகப் போதிய பாதை இல்லை. 2009-இல் அம்மாநிலக் காற்றாலைகள் தந்திருக்கக்கூடிய மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தடுத்து நிறுத்தப்பட்டது. ஆலை வரட்டும், பிறகு பாதை போடலாம் என்று காத்திராமல், காற்று வளமுள்ள இடங்களை முன்கூட்டியே குறித்து சுமார் 5,800 கிலோமீட்டர் உயரழுத்தப் பாதை போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த வீணடிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. மானியம் கொடுத்து ஆலையைக் கட்டவைத்துவிட்டு, காற்று அடிக்கும்போது நிறுத்தச் சொல்வது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த திருத்தத்தின் முதல் பக்கத்தில், இது எந்தத் தேதிக்குப் பிறகு வரும் நிலையங்களுக்குப் பொருந்தும், எவற்றைத் தொடாது என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். கூடவே, மின்பாதை எப்போது தயாராகும் என்ற தேதியும் தாமதமானால் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதும் இருக்கட்டும். மற்றதை நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடன் கணக்குப் பார்க்கும் ஒருவன்